மாஸ்டர் இல்லாத சமையலறை: பீட்சா கடையின் பணம் யாரிடம் போகிறது?

பீட்சா கடைக்குக் குடும்பத்தோடு போனால் பெரியவர் ஒருவர் கட்டாயம் இந்தக் கணக்கைப் போடுவார். "ஒரு கைப்பிடி மைதா, ரெண்டு ஸ்பூன் தக்காளிச் சட்னி, மேல கொஞ்சம் சீஸு. இதுக்கா நானூறு ரூபா?" பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அவர் விடமாட்டார். "இந்தக் காசுக்கு வீட்ல ரெண்டு நாளைக்கு உலை வைக்கலாம்."

அவருடைய கணக்கு முக்கால்வாசி சரி. இந்தியாவில் டாமினோஸ் கடைகளை நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ் 2023-24 நிதியாண்டில் இந்தியக் கணக்கில் மட்டும் சுமார் 5,340 கோடி ரூபாய்க்கு விற்பனை செய்தது. மூலப்பொருள் செலவு போக மிஞ்சியது ஏறத்தாழ 76 சதவீதம். அதாவது 100 ரூபாய் விற்பனையில் மாவு, சீஸ், காய்கறி, கோழி எல்லாம் சேர்த்தே 24 ரூபாய்தான். பெரியவர் பார்க்கத் தவறுவது அதே கணக்கின் கடைசி வரியை. அந்த ஆண்டு நிறுவனத்தின் நிகர லாபம் சுமார் 234 கோடி, நூற்றுக்கு நாலரை ரூபாய்கூட இல்லை. 24 ரூபாய்ச் சரக்கை 100 ரூபாய்க்கு விற்றும் நாலு ரூபாய் சொச்சம்தான் கையில் நிற்கிறது என்றால் நடுவில் இருந்த 72 ரூபாயை யார் சாப்பிட்டார்கள்?

இதற்கு விடை தேடப் பீட்சாவிலிருந்து தொடங்குவதைவிட நம் தெருமுனையிலிருந்து தொடங்குவது நல்லது.

தமிழ்நாட்டில் 'பாஸ்ட் புட்' என்றால் பர்கரோ பீட்சாவோ அல்ல. சாயங்காலம் ஆறு மணிக்குத் தள்ளுவண்டி வந்து நிற்கும். பெரிய அடுப்பு, கருத்த இரும்புச் சட்டி, வரிசையாகச் சாஸ் பாட்டில்கள், சிவப்புச் சாயத்தில் ஊறிய காலிஃபிளவர். பலகையில் இருபது முப்பது அயிட்டம் எழுதியிருக்கும். உற்றுப் பார்த்தால் சரக்கு ஐந்தாறுதான்: சோறு, நூடுல்ஸ், முட்டை, கோழி, காளான், காலிஃபிளவர். அதையே மாற்றி மாற்றிப் புரட்டினால் இருபது பெயர் கிடைக்கும். மீந்து வீணாவது குறைவு, சட்டியிலிருந்து தட்டுக்கு நாலு நிமிடம். எந்த மேலாண்மைப் பள்ளியும் கற்றுக்கொடுக்காமல் உருவான அருமையான தொழில் அமைப்பு இது.

அதற்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. மாஸ்டர். சட்டியைத் தூக்கிப் புரட்டும் அந்த மணிக்கட்டுதான் கடை. மாஸ்டர் ஊருக்குப் போனால் வண்டி வராது. அவர் எதிர்த் தெருவில் தனிக் கடை போட்டால் வாடிக்கையாளரும் கூடவே போய்விடுவார்கள். ஆகவே முதலாளி அவருக்கு நல்ல சம்பளம் கொடுத்து, முன்பணம் கொடுத்து, கோபதாபங்களையும் பொறுத்துக்கொள்கிறார். வண்டியின் வருமானத்தில் பெரும்பங்கு கைத்திறனுக்கான கூலியாக மாஸ்டரிடம் போய்ச் சேர்கிறது.

அமெரிக்காவில் பிறந்த துரித உணவுத் தொழிலின் முதல் வேலை இந்த மாஸ்டரை ஒழித்ததுதான். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்ட் சகோதரர்கள் 1940இல் தொடங்கிய உணவகம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 1948இல் அதை மூடிவிட்டு முழுசாக மாற்றி மறுபடி திறந்தார்கள். கார் அருகே வந்து பரிமாறும் பெண்கள் இல்லை, கழுவவேண்டிய தட்டு இல்லை, அயிட்டங்கள் ஒன்பதாகக் குறைந்தன. ஹாம்பர்கர் 15 சென்ட். ஒருவர் ரொட்டி வாட்டுவார், ஒருவர் கறி புரட்டுவார், ஒருவர் பொட்டலம் கட்டுவார். யாருக்கும் சமையல் தெரியவேண்டியதில்லை. மோட்டார் தொழிற்சாலையில் நடந்த வேலைப் பிரிவினை அடுப்பங்கரைக்குள் நுழைந்தது.

பீட்சாவில் இது இன்னும் கச்சிதமாக நடந்தது. பெரிய கடைகளில் நகரும் பட்டை வைத்த ஓவன் இருக்கும். ஒரு முனையில் பச்சை பீட்சாவை வைத்தால் சில நிமிடங்களில் மறுமுனையில் வெந்து வெளியே வரும். வெந்துவிட்டதா என்று பார்க்கும் கண்ணே தேவையில்லை. மாவு வேறெங்கோ பிசைந்து, உருட்டி, குளிரூட்டிய லாரியில் கடைக்கு வந்து இறங்குகிறது. பத்து நாள் பயிற்சியில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் தேறிவிடுகிறான்.

மாஸ்டர் போய்விட்டார், அவர் சம்பளம் மிச்சம். அந்த மிச்சம் கடைக்காரரிடம் நின்றதா? நிற்கவில்லை. கைத்திறனுக்குப் போன பணம் வேறு வாசல்கள் வழியாக வெளியே போகத் தொடங்கியது. துரித உணவுத் தொழிலின் எழுபது ஆண்டு வரலாறு இந்த வாசல்களின் வரலாறுதான் என்பது என் கருத்து.

முதல் வாசல், மனை

மில்க்ஷேக் கலக்கும் இயந்திரங்களை விற்றுக்கொண்டிருந்த ரே கிராக் 1954இல் மெக்டொனால்ட் சகோதரர்களின் கடையைப் பார்த்தார். கிளை உரிமைகளை விற்கும் வேலையை எடுத்துக்கொண்டு 1955இல் இல்லினாய் மாநிலத்தின் டெஸ் பிளெய்ன்ஸில் தன் முதல் கடையைத் திறந்தார். ஒப்பந்தப்படி கிளைக்காரரின் விற்பனையில் 1.9 சதவீதம் அவருக்கு. அதிலும் 0.5 சதவீதத்தைச் சகோதரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். மீதி 1.4 சதவீதத்தில் மேற்பார்வை, பயிற்சி, பயணம் எல்லாம் நடக்க வேண்டும். கடைகள் கூடக் கூட நிறுவனம் மூச்சுத் திணறியது.

வழி காட்டியவர் ஹாரி சோனபோர்ன் என்ற நிதி அதிகாரி. 1956இல் மனைகளுக்கென்று தனி நிறுவனம் தொடங்கினார்கள். இடத்தை நிறுவனமே நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கும், கூடுதல் வைத்துக் கிளைக்காரருக்கு உள்குத்தகைக்கு விடும். கிளைக்காரர் ஒரு குறைந்தபட்ச வாடகையோ விற்பனையில் ஒரு பங்கோ, எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். மனைக்காரருக்கு நிறுவனம் கொடுப்பது நிலையான தொகை. கிளைக்காரரிடம் வாங்குவதோ பர்கர் விலை ஏற ஏறத் தானும் ஏறும் தொகை. இன்று உலகெங்கும் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் சுமார் 95 சதவீதத்தைக் கிளைக்காரர்கள்தான் நடத்துகிறார்கள். அவர்களிடமிருந்து நிறுவனத்துக்கு வரும் பணத்தில் ராயல்டியைவிட வாடகைதான் பெரிது. கிளைக்காரர் முரண்டு பிடித்தால் பெயர்ப் பலகையை மட்டுமல்ல, கடையையே காலி செய்யச் சொல்லலாம்.

'ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்' என்று நம் ஊரில் சொல்வார்கள். சோனபோர்ன் அந்த வீடாகவே தன் நிறுவனத்தை மாற்றிவிட்டார்.

இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் இந்த மனைக் கணக்கோடு வரவில்லை, இங்கே நடப்பது உள்ளூர்க் கூட்டாளிகளின் முதலீடு. 1996 அக்டோபரில் டெல்லியில் முதல் கடை. மாட்டிறைச்சி இல்லாத மெக்டொனால்ட்ஸ் அதுவரை உலகில் இருந்ததில்லை. வடக்கில் விக்ரம் பக்‌ஷியோடு கூட்டு, மேற்கிலும் தெற்கிலும் ஜாட்டியா குடும்பம். வடக்கில் 2013இல் வெடித்த சண்டை 2017இல் 169 கடைகளின் உரிமத்தை ரத்து செய்யும் அளவுக்குப் போய் 2019இல்தான் தீர்ந்தது. பெயர் ஒருவருடையது, கடை ஒருவருடையது என்று இருக்கும் தொழிலில் கணவன் மனைவி வழக்கைவிடச் சிக்கலான வழக்குகள் வரும்.

இரண்டாம் வாசல், மாவு

டாமினோஸின் கதை வேறு மாதிரி. மிச்சிகனின் இப்சிலாண்டியில் டாம், ஜேம்ஸ் மோனகன் சகோதரர்கள் 1960இல் ஒரு சிறு பீட்சா கடையை வாங்கினார்கள். சில மாதங்களில் ஜேம்ஸ் தன் பங்கை ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு மாற்றிக்கொண்டு விலகிவிட்டார். வணிக வரலாற்றில் இதைவிட விலை உயர்ந்த பழைய காரை நான் கேள்விப்பட்டதில்லை.

டாம் மோனகன் உட்காரும் மேசைகளை ஒதுக்கிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதில் குறியாக இருந்தார். மேசை இல்லாத கடைக்கு முக்குச் சந்தில் சிறு இடம் போதும், ஆகவே மனையில் பணம் பார்க்க வழியில்லை. நிறுவனம் மாவில் பிடித்தது. அமெரிக்காவில் கிளைக்காரர் விற்பனையில் 5.5 சதவீதம் ராயல்டி கட்டுகிறார். ஆனால் டாமினோஸ் தலைமை நிறுவனத்தின் மொத்த வருவாயில் ஏறத்தாழ 60 சதவீதம், கிளைகளுக்கு மாவும் சீஸும் பெட்டியும் விற்பதில் வருகிறது. மற்ற நிறுவனங்களின் கிளைக்காரர்கள் 'நம் தலையில் கட்டுகிறார்கள்' என்று புலம்புவார்கள். இங்கே அந்தப் புலம்பலுக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள்: மாவு மையங்களின் லாபத்தில் பொதுவாகப் பாதியைக் கிளைக்காரர்களுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். வாங்க வாங்கப் பங்கு கூடும் என்றால் வெளியே மைதா வாங்க யாருக்கு மனம் வரும்?

இந்தியாவில் ஜூபிலன்ட் இன்னொரு படி போனது. 1996இல் டெல்லியில் தொடங்கி 2024இல் இரண்டாயிரம் கடைகளைத் தாண்டிவிட்ட அந்த நிறுவனம் எந்தக் கடையையும் வெளியாருக்குக் கிளையாகக் கொடுப்பதில்லை. மாவு மையம், லாரி, கடை எல்லாம் ஒரே கை. 'டாமினோஸ் கிளை எடுத்துத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். அப்படி ஒரு விற்பனையே இங்கே இல்லை.

எல்லாம் ஒரே கையில் இருப்பதன் அருமை டெலிவரியில் தெரியும். முப்பது நிமிடத்தில் பீட்சா என்பது பார்ப்பதற்கு விளம்பர வாசகம். உண்மையில் அது ஒரு வட்டம். கடையிலிருந்து எவ்வளவு தூரம் வரை விற்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மூன்று கிலோமீட்டர் போய்வர ஒரு பையனுக்கு அரை மணி நேரம் ஆனால் மணிக்கு இரண்டு ஆர்டர். ஒன்றரை கிலோமீட்டராக்கினால் நான்கு. ஒரே சம்பளம், இரட்டிப்பு வேலை, சூடான பீட்சா. அதற்காக ஒரு கடையின் எல்லையைப் பிளந்து நடுவில் இன்னொரு கடை திறக்கிறார்கள். அமெரிக்க டாமினோஸில் இதற்குக் 'கோட்டை கட்டுவது' என்ற பொருளில் ஒரு சொல்லே உண்டு. பழைய கடையின் விற்பனை விழும், இரண்டும் சேர்ந்த விற்பனை ஏறும். கிளைக்காரர் வயிற்றெரிச்சல் படுவார். ஜூபிலன்டுக்கு வயிறு ஒன்றுதான்.

அந்த முப்பது நிமிட வாக்குறுதிக்கு அமெரிக்காவில் கொடுத்த விலை பெரிது. டெலிவரி வண்டி மோதிக் காயமடைந்த ஒரு பெண்ணுக்குச் சுமார் 7 கோடியே 90 லட்சம் டாலர் தர வேண்டும் என்று செயின்ட் லூயிஸ் நடுவர் குழு 1993இல் சொன்னதும் நிறுவனம் அந்த உத்தரவாதத்தை அங்கே கைவிட்டது. இந்தியாவில் அது தொடர்ந்தது, 2022இல் சில நகரங்களின் சில பகுதிகளில் இருபது நிமிடமாகவும் சுருங்கியது. சென்னைச் சாலையில் மழை நாளில் சிவப்பு விளக்கைத் தாண்டும் பையனைத் திட்டுபவர்கள், அந்தப் பத்து நிமிடம் யாருடைய லாபம் என்றும் கேட்க வேண்டும்.

உட்கார்ந்து சாப்பிடும் பீட்சாவின் கதி இதற்கு நேர்மாறு. கன்சாஸின் விச்சிட்டாவில் கார்னி சகோதரர்கள் 1958இல் தாயிடம் 600 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய பீட்சா ஹட், சிவப்புக் கூரையும் பெரிய கூடமுமாக வளர்ந்தது. வாடிக்கையாளர்கள் வீட்டிலேயே இருந்துவிட முடிவு செய்தபோது கூடம் காலியாகி வாடகை மட்டும் நின்றது. அமெரிக்காவில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பீட்சா ஹட்களை நடத்திய என்.பி.சி. இன்டர்நேஷனல் 2020 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. தாய் நிறுவனமான யம், பீட்சா ஹட்டை விற்பது உட்பட எல்லா வழிகளையும் பரிசீலிப்பதாக 2025 நவம்பரில் அறிவித்தது. அதே யம் நிறுவனத்தின் கே.எஃப்.சி. நன்றாக ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிர்வாகக் கோளாறு என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்த நினைவும் உண்டு. 1996இல் இந்த ஊரிலேயே பிறந்த பீட்சா கார்னர், ஒரு தலைமுறைக் கல்லூரி மாணவர்களின் பிறந்தநாள் விருந்துகளை நடத்தியது. பிறகு பாப்பா ஜான்ஸ் பெயருக்குள் கரைந்தது. 2017இல் பாப்பா ஜான்ஸே கடைகளை மூடிவிட்டுப் போனது. பெரிய சங்கிலியின் மாவு மையமும் இல்லாமல், தள்ளுவண்டியின் சிக்கனமும் இல்லாமல் நடுவில் நிற்பவர்களுக்கு இந்தத் தொழிலில் இடம் மிகக் குறைவு.

மூன்றாம் வாசல், முகவரி

அந்த நடுவில்தான் இன்று ஆயிரக்கணக்கான சிறு பீட்சா கடைகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. தொழிலில் இருப்பவர்கள் தங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

சென்னைப் புறநகரில் ஒரு கடை. நாளைக்கு 60 ஆர்டர், சராசரி 300 ரூபாய். மாத விற்பனை 5,40,000. சில்லறை விலையில் சரக்கு வாங்குவதால் மூலப்பொருளுக்கு 24 அல்ல, 35 சதவீதம்: 1,89,000. பெட்டிக்கும் பைக்கும் ஆர்டருக்கு 15 ரூபாய் வீதம் 27,000. வாடகை 60,000. ஐந்து ஆள் சம்பளம் ஒரு லட்சம். மின்சாரமும் சிலிண்டரும் 40,000. ஆர்டர்களில் 70 சதவீதம் டெலிவரிச் செயலி வழியாக வருகிறது, கமிஷன் 25 சதவீதம் என்றால் 94,500. அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 17,010. எல்லாம் கழித்தால் முதலாளிக்கு மிஞ்சுவது 12,490 ரூபாய். இதில்தான் ஓவன் கடனுக்கான மாதத் தவணை கட்ட வேண்டும், ஃபிரிட்ஜ் பழுதானால் பார்க்க வேண்டும். செயலியில் 'பாதி விலை' என்று ஓடும் தள்ளுபடியில் கடையின் பங்கை இன்னும் கழிக்கவேயில்லை. அதைக் கழித்தால் பழுது பார்க்கக்கூட மிஞ்சாது.

இந்தக் கணக்கைச் சற்று அசைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே வியப்பு வந்தது. ஆர்டர் 60 என்பது 75 ஆகட்டும், மின்செலவு ஐயாயிரம் கூடட்டும். மிச்சம் 60,000 சொச்சமாகிறது. விற்பனை கால் பங்கு ஏறினால் லாபம் ஐந்து மடங்கு. வாடகையும் சம்பளமும் அசையாமல் நிற்கும் தொழிலில் முதல் அறுபது ஆர்டர்கள் ஏறக்குறைய முழுக்க வீட்டுக்காரருக்கும் ஆட்களுக்கும் போய்விடும், கடைசிப் பதினைந்துதான் முதலாளிக்கு.

சரி, அந்தப் பதினைந்து ஆர்டர் கிடைக்கவில்லை. அதே 60 ஆர்டர்தான், ஆனால் செயலி வழியாக வருவது 70 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தால்? மிச்சம் 60,280. ஒரு புது வாடிக்கையாளரும் இல்லாமல் அதே ஐந்து மடங்கு. இருக்கிற வாடிக்கையாளர்கள் நேரடியாகப் போன் செய்தால் போதும்.

செயலிகளின் பிடி இங்கேதான் இருக்கிறது. 2008இல் வேறு பெயரில் தொடங்கிய சொமேட்டோவும் 2014இல் பெங்களூரில் தொடங்கிய ஸ்விக்கியும் இடத்தையும் வைத்திருக்கவில்லை, மாவையும் வைத்திருக்கவில்லை. நம் முகவரியை வைத்திருக்கின்றன. கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் எண் பெரும்பாலும் தெரியாது, யார் திரும்பி வருகிறார் என்று தெரியாது. பழைய மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டில் தெருவையே எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு இன்று வேறு ஊரில் இருக்கிறது. 2019இல் உணவகங்கள் கூட்டாக வெளியேறிப் போராடிப் பார்த்தன. 2022இல் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. கமிஷன் இன்னும் ஏறினால் விற்பனையில் ஒரு பகுதியைச் செயலிகளிலிருந்து விலக்கிக்கொள்ள நேரிடும் என்று ஜூபிலன்டே அந்த ஆணையத்திடம் சொன்னது. தனக்கென்று சொந்தச் செயலி வைத்திருக்கும் யானைக்கே அந்தக் கவலை. தெருக்கடைக்காரர் எந்த ஆணையத்திடம் போவார்?

நியாயத்துக்கு ஒன்று சொல்லவேண்டும். செயலி இல்லையென்றால் அந்தச் சந்துக்குள் ஒரு பீட்சா கடை இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. மெயின் ரோட்டு வாடகையை மிச்சப்படுத்திச் சந்துக்குள் கடை போட்டவர் அந்த மிச்சத்தைத்தான் கமிஷனாகக் கொடுக்கிறார். தெருமுகப்பு என்பது இன்று கைபேசித் திரையில் இருக்கிறது, அதற்கு வாடகையும் உண்டு. கேள்வி வாடகையைப் பற்றியதல்ல, அளவைப் பற்றியது.

தராசும் வரியும்

கடைக்காரர் கையில் மிஞ்சியிருப்பது சமையலறை மேடை ஒன்றுதான். அங்கே என்ன நடக்கிறது என்று எங்கள் பக்கத்துத் தெருக் கடையில் ஒரு சனிக்கிழமை இரவு நின்று பார்த்தேன். பையன் மாவை விரித்து, கரண்டியின் பின்புறத்தால் சாஸை வட்டமாகத் தேய்த்து, கைநிறையச் சீஸை அள்ளித் தூவினான். பார்க்க அழகாக இருந்தது. மேடை ஓரத்தில் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று மாவு படிந்து கிடந்தது, யாரும் தொடவில்லை. முதலாளி கல்லாவில் இருந்தபடியே "எடை போடுடா" என்றார். பையன் சிரித்தான்.

முதலாளி சொன்னதன் எடை எவ்வளவு தெரியுமா? ஒரு பீட்சாவுக்கு 20 கிராம் சீஸ் கூடுதலாக விழுகிறது என்று வையுங்கள், ஒரு சிறு சிட்டிகை. நாளைக்கு 60, மாதம் 1,800 பீட்சா. 36 கிலோ சீஸ். கிலோ 450 ரூபாய் என்றால் 16,200 ரூபாய். மேலே பார்த்த கடையின் மாத மிச்சம் 12,490. அந்தப் பையனின் தாராளம் முதலாளியின் வருமானத்தைவிடப் பெரிது. ஒரு கிலோ மொசரெல்லா செய்யச் சுமார் பத்து லிட்டர் பால் வேண்டும். பீட்சாவில் விலையுள்ள சரக்கு என்றால் அதுதான். சங்கிலிக் கடைகளில் அளவுக் கிண்ணம் இல்லாமல் சீஸ் தூவ விடமாட்டார்கள்.

அளவைப் பற்றிப் பேசும்போது ஒரு சின்னப் பள்ளிக்கூடக் கணக்கும். ஏழு அங்குல பீட்சாவின் பரப்பு சுமார் 38 சதுர அங்குலம். பத்து அங்குலம் என்றால் 78. விட்டம் மூன்று அங்குலம் கூடினால் பண்டம் இரட்டிப்பு. கடைக்கோ ஆள் வேலை, டெலிவரி, வாடகை எதுவும் இரட்டிப்பதில்லை. ஆகவே பெரியதை இரட்டை விலைக்குக் குறைவாக விற்றாலும் அவர்களுக்கு லாபம், நமக்கும் லாபம். நமக்கு நஷ்டம் ஆளுக்கொரு சின்ன பீட்சா வாங்கும்போதுதான். இட்லிப் பழக்கத்தில் நாம் அதைத்தான் செய்கிறோம்.

வரி இந்தக் கணக்கில் குறும்புக்காரத் தம்பி மாதிரி எங்கும் தலை நீட்டும். 2016இல் கேரள அரசு, பெயர்பெற்ற உணவகங்களின் பீட்சா, பர்கர் மீது 14.5 சதவீதக் 'கொழுப்பு வரி' போட்டது. மறு ஆண்டே ஜி.எஸ்.டி. வந்து அது மறைந்தது. 2017 நவம்பரில் உணவக வரி 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது நாம் கைதட்டினோம். கூடவே உள்ளீட்டு வரி வரவு ரத்தானது. அதாவது வாடகைக்கும் ஓவனுக்கும் கமிஷனுக்கும் கட்டிய வரியைக் கடைக்காரர் இனித் திரும்பப் பெற முடியாது. பெரிய நிறுவனங்கள் அடிப்படை விலையை ஏற்றின. வரிக் குறைப்பின் பயனை வாடிக்கையாளருக்குக் கொடுக்கவில்லை என்று ஜூபிலன்ட் மீது சுமார் 41 கோடி ரூபாய்க்கு மிகைலாபத் தடுப்பு ஆணையம் 2019இல் உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில் சீஸ் மீதான வரி 12இலிருந்து 5 சதவீதமாக இறங்கியதுதான் சிறு கடைக்குக் கிடைத்த நேரடி நிவாரணம். வரவு எடுக்க முடியாதவருக்கு அந்த ஏழு புள்ளியும் கல்லாவில் நிற்கும். ஈரோட்டுப் பக்கம் பெருந்துறையிலேயே சீஸ் பெரிய அளவில் உற்பத்தியாகும் காலம் இது. சரக்குக்காக இனி வடக்கே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆள் கூலியைப் பற்றி இங்கே பேசுவது போதாது என்றே சொல்வேன். கலிபோர்னியாவில் பெரிய துரித உணவுச் சங்கிலிகளின் ஊழியர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் மணிக்கு 20 டாலர் குறைந்தபட்சக் கூலி. அது நடைமுறைக்கு வருமுன்பே அங்கிருந்த பீட்சா ஹட் கிளைக்காரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெலிவரி ஊழியர்களை நீக்கிவிட்டு வேலையைச் செயலிகளிடம் கொடுத்தார்கள். சட்டம் கடை ஊழியரைத்தான் காக்கும், செயலிப் பையன் யாருக்கும் ஊழியன் அல்ல. நம் ஊரில் தமிழ்நாடு அரசு இவர்களுக்கு நல வாரியம் அமைத்தது, சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் ஏ.சி. ஓய்வறை திறந்தது. நல்ல காரியம். ஆனால் 72 ரூபாயில் மிகச் சிறிய பங்கை எடுத்துக்கொண்டு மிகப் பெரிய ஆபத்தைச் சுமப்பவர் அவர்தான். ஓய்வறையில் உட்காரக்கூட அந்த வேலை அவருக்கு நேரம் கொடுப்பதில்லை.

ஆக, சாப்பாட்டு மேசையில் கணக்குப் போடும் பெரியவருக்கு என் பதில் இது. மைதா விலையில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த நானூறு ரூபாயில் பெரும்பகுதி கடைக்காரரிடமும் இல்லை. மாஸ்டரிடம் இருந்த பணம் மனைக்காரரிடமும் மாவுக்காரரிடமும் முகவரிக்காரரிடமும் பிரிந்துவிட்டது. இந்த மூன்றில் ஒன்றுகூடக் கையில் இல்லாமல், வெறும் நல்ல பீட்சாவை மட்டும் நம்பிக் கைக்காசைப் போட்டுக் கடை திறக்க வேண்டாம் என்பதுதான் இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது. சொந்தக் கட்டடம் இருக்கிறதா, திறக்கலாம். நாலு தெருவுக்கு உங்களைத் தெரியுமா, நிச்சயம் திறக்கலாம்.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒன்று உண்டு. பக்கத்துத் தெருக் கடையிலிருந்து வந்த பெட்டியைத் தூக்கிப் போடுமுன் அதன் மூடியைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு போன் எண் அச்சிட்டிருக்கும். அடுத்த தடவை அந்த எண்ணை அழையுங்கள். நாம் மேலே போட்ட கணக்குப்படி 300 ரூபாய் ஆர்டர் ஒன்றுக்குக் கமிஷனும் அதன் மேல் வரியும் சேர்த்துக் கடைக்காரருக்கு மிச்சமாவது 88 ரூபாய் 50 காசு.